பழைய வீடு வாங்கப் போகிறீர்களா?

"வீடு கொஞ்சம் பழசுதான். ஆனா, கூரையைப் பிரிச்சுப் போட்டு, சுவருக்கு ஒரு பெயின்ட் அடிச்சா மாளிகை மாதிரி வரும்."

வீடு தேடி அலைந்த எந்தக் குடும்பமும் தரகரின் வாயால் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பியிருக்காது. இன்று காணி விலையும் சீமெந்து விலையும் இருக்கும் இருப்பில், வெறுங்காணி வாங்கிப் புதுவீடு கட்டுவது நம்மில் பலருக்கு எட்டாக்கனி. ஆகவே பழைய வீடொன்றை வாங்கித் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணுவதில் தவறில்லை. தவறு, அதைப் பார்க்கும் முறையில்தான் நடக்கிறது.

பேருவளை, தர்கா நகர், காலி போன்ற ஊர்களில் நம் மூத்தவர்கள் கட்டிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் விறாந்தை, நடுவில் வானம் பார்த்த முற்றம், தடித்த கபுக் கல் சுவர், ஓட்டுக் கூரை. அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் பெண்கள் வந்து போகப் பக்கவாட்டில் ஒரு வழி. உச்சி வெயிலிலும் உள்ளே ஒரு குளிர்ச்சி இருக்கும். பெட்டி மாதிரிக் கட்டித் தளம் போட்ட புதுவீடுகளில் இந்தச் சுகத்தை நான் கண்டதில்லை. எனவே பழைய வீடே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

நான் சொல்வது இதுதான் சகோதரியே: வீடு பார்க்கும்போது நீங்களும் போங்கள். நம் வீடுகளில் கணவரும் நானாமாரும் போய், முன்னறையில் இருந்து தேநீர் குடித்து, விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்துதான் நமக்குச் செய்தி சொல்வார்கள். நாள் முழுக்க அந்த வீட்டில் உழலப்போவது யார்? முடியுமானால் மழை நாளில் போங்கள். போனதும் முன்னறையில் உட்காராமல் நேரே குசினிக்குப் போங்கள்.

குசினியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டிடையே வெளிச்சம் தெரிந்தால் அது சின்ன விடயம், ஓடு மாற்றலாம். இரண்டு கூரை சந்திக்கும் இடத்துப் பீலியில் ஒழுக்கு இருந்தால் அது பெரிய விடயம், ஏனெனில் அதன் கீழுள்ள மரம் ஊறியிருக்கும். மழை பெய்யாத நாளென்றாலும் தரையைப் பாருங்கள். வருடக்கணக்காக ஒரே இடத்தில் வைக்கப்பட்ட வாளியின் வட்டக் கறை பொய் சொல்லாது. மரம் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் கறையான் முதலில் குடியேறும். அங்கே ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிட்டு மாதிரி உதிர்ந்தால் கூரைச் செலவை இரட்டிப்பாகக் கணக்கிட வேண்டியதுதான். வீடு முழுக்கப் பழைய சுண்ணாம்பாக இருக்க, ஒரு சுவர் மட்டும் புதுப்பூச்சில் பளபளத்தால், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நில்லுங்கள்.

கபுக் சுவர் பற்றி ஒரு வார்த்தை. அது நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். அதைச் சுரண்டிவிட்டு 'நல்ல ஸ்ட்ரோங்காக' சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, மேலே ஏறி, பூச்சு கொப்பளித்து விழும். பிறகு சுவரைக் குறை சொல்வோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் பாஸ் ஒருவரைத் தேடிப் பிடிப்பது நல்லது. இப்போது அத்தகையோர் குறைவு.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துத்தான். ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வயரிங்கை நம்ப வேண்டாம், முழுக்க மாற்றச் செலவு ஒதுக்குங்கள். பின்பக்கம் அஸ்பெஸ்டஸ் தகடு போட்டிருந்தால், அதைக் கழற்றும்போது நனைத்துத்தான் கழற்ற வேண்டும். உலர்ந்த தகட்டை அறுத்தால் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. அந்த நாட்களில் பிள்ளைகளை உம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கிப்லா நம் நாட்டில் மேற்கிலிருந்து சற்று வடக்கே சரிந்தது. மலசலகூடத்தைத் திருத்திக் கட்டும்போது இதை முதலிலேயே பாஸிடம் சொல்லிவிட்டால் பின்னர் உடைக்கத் தேவையில்லை.

இதெல்லாம் காசு இருந்தால் சரிசெய்யக் கூடியவை. காசால் எளிதில் சரிசெய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. அது உறுதிக்குள் இருக்கும் பழுது.

எனக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கணவனும் மனைவியுமாக ஒரு பழைய வீடு பார்க்கப் போனார்கள். ஆண்கள் முன்னே பேசிக்கொண்டிருக்க, இவள் தண்ணீர் கேட்டுக் குசினிக்குப் போயிருக்கிறாள். அங்கே வீட்டுக்காரரின் வயதான உம்மாவும் ஒரு தங்கையும் இருந்தார்கள். "நீங்களா மகள் வாங்கப் போறது? நல்லா இருங்க. எங்களுக்கிட்ட இன்னும் ஒண்டும் கேக்கல்ல" என்றாராம் அந்த உம்மா. தங்கை ஒன்றும் பேசவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். முன்னறையில் அந்த நேரம் அட்வான்ஸ் தொகை பேசி முடிந்திருந்தது.

உறுதி, மௌத்தாகிவிட்ட வாப்பாவின் பெயரில். அவருக்கு மனைவி, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். விற்க வந்தவர்கள் ஆண் மக்கள் இருவர் மட்டும்.

கணக்கைப் பாருங்கள். இந்நாட்டு முஸ்லிம்களின் வாரிசுரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி நம் மார்க்கச் சட்டத்தின்படியே பிரிக்கப்படும். மரித்தவரின் பெற்றோர் உயிரோடில்லை, கடனோ வஸிய்யத்தோ இல்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிகுதி ஏழு பங்கில் ஆண் மக்களுக்கு இரண்டிரண்டு, பெண் மக்களுக்கு ஒவ்வொன்று. அதாவது இரண்டு நானாமாரும் கையெழுத்துப் போட்டு, நீங்கள் முழுப்பணமும் எண்ணிக் கொடுத்து வாங்குவது வீட்டில் சரிபாதியைத்தான். மற்றப் பாதி அந்தக் குசினியில் நிற்கும் உம்மாவுக்கும் மூன்று பெண்களுக்கும் உரியது. நாளை அவர்களில் ஒருவரோ அவர்களின் பிள்ளைகளோ பிரிவிடல் வழக்குத் தொடுத்தால் நீங்கள் மாற்றிய கூரையோடு சேர்த்து நீதிமன்றம் ஏற வேண்டி வரும்.

"ராத்தாமார் கலியாணம் முடிச்சுப் போய்ப் பத்து வருசத்துக்கு மேல. இனி அவங்களுக்கு ஒண்டும் இல்ல" என்று சிலர் சொல்வார்கள். பத்து வருட ஆட்சியுரிமைச் சட்டத்தைத்தான் இவர்கள் சொல்கிறார்கள். அது அந்நியருக்கிடையே எடுபடலாம். கூட்டாக உரித்துள்ள கூடப்பிறந்தவர்களிடையே ஒருவர் வெறுமனே தனியே குடியிருந்தார் என்பது போதாது, மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து வைத்திருந்தார் என்று காட்ட வேண்டும். இலங்கை வழக்கொன்றில் 1911இல் கோமறைக் கழகமே இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. சட்டத்தில் எப்படியோ தப்பினாலும், ஒரு பெண்ணின் ஹக்கைத் தெரிந்துகொண்டே வாங்கிய வீட்டில் முஸல்லா விரிக்க நமக்கு மனம் வருமா? இதை வாசிக்கும் உங்களில் எத்தனையோ பேர் அந்தத் தங்கையின் இடத்திலும் இருந்திருப்பீர்கள்.

ஆகவே நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைத் தேடிப் பார்க்கச் செய்யுங்கள். விற்பவரின் நொத்தாரிசே உங்களுக்கும் நொத்தாரிசாக இருக்க வேண்டாம். யாருக்காவது ஆயுள் உரித்து எழுதப்பட்டுள்ளதா, வீட்டில் வாடகைக் குடி இருக்கிறதா, வீதி அகலிப்புக்கோட்டில் முன்விறாந்தை போகிறதா, ஆதன வரி பாக்கி உண்டா என்பதும் தெரிய வேண்டும். பெண் வாரிசுகள் விடுதலைப் பத்திரம் தருவதாகச் சொன்னால், அவர்களின் பங்குப் பணம் அவர்கள் கைக்குப் போகிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இனி பணம். முத்திரை வரியாக ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு போகும், நொத்தாரிசு கட்டணம் வேறு. வட்டிக்கு அஞ்சுவோருக்கு இப்போது வழி உண்டு: 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இஸ்லாமிய முறை வங்கிச் சேவைக்கு இடம் கிடைத்தது, அமானா வங்கி 2011இல் தொடங்கியது. வங்கியும் நீங்களும் கூட்டாக வாங்கி, வங்கியின் பங்கை நீங்கள் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ளும் முறை அது. ஆனால் அங்கும் உறுதி சுத்தமாக இல்லாவிட்டால் கதவு திறக்காது.

எவ்வளவு கூட்டிப் பார்த்தாலும் கடைசியில் இடிக்கும். அப்போது எல்லோர் கண்ணும் உங்கள் நகைப் பெட்டி மேல் விழும். கொடுங்கள், குடும்பம் என்றால் அப்படித்தான். ஆனால் கொடுக்கும்போது அது கடனா, அன்பளிப்பா, வீட்டில் பங்கா என்று வாயால் பேசி, கையால் எழுதிக்கொள்ளுங்கள். கைக்கூலியைக் கேட்டுப் பெற 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் வழி இருக்கிறது. கூரை ஓடாக மாறிப்போன காப்பும் மாலையும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மஹர் நகையும் உம்மா வீட்டு நகையும் உங்கள் சொத்து. அவை வீட்டுக்குள் போகுமானால் உறுதியிலும் உங்கள் பெயர் அந்த விகிதத்தில் ஏறட்டும். இதைக் கேட்டால் கணவர் முகம் சுளிப்பார் என்று பயப்படுகிறீர்களா? உறுதி எழுதுவதற்கு முதல் நாள் சுளிக்கும் முகம் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

குசினியில் தண்ணீர் குடித்த அந்தப் பெண் அன்று வெளியே வந்து கணவரைக் கண்ணால் அழைத்திருக்கிறாள். அட்வான்ஸ் கைமாறவில்லை. நானாமாருக்குக் கோபம், தரகருக்கு அதைவிடக் கோபம். நான்கு மாதம் கழித்து உம்மாவும் மூன்று பெண் மக்களும் நொத்தாரிசு முன் வந்து ஒப்பமிட்டு, ஆளுக்கொரு காசோலையாகத் தங்கள் பங்கைப் பெற்றுப் போனார்கள். விலை ஒரு சதமும் குறையவில்லை. மே மாத மழை பிடிப்பதற்குள் கூரையை மட்டும் மாற்றினார்கள். தரைக்கு டைல்ஸ் இன்னும் போடவில்லை, பழைய சிவப்புச் சீமெந்துதான். வாளி வைத்த வட்டக் கறை இப்போதும் அதில் இருக்கிறது.