வாசலில் விழும் முத்திரை

பட்டறைப் பெண்கள் – 17

தன் உழைப்புக்குக் கூலி போடாத அடக்கவிலை அடக்கவிலையே ஆகாது என்று சென்ற வாரம் முடித்தோம். தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். இந்த வாரம் ஆவடியில் உள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளின் கொள்முதலுக்குள் பெண்கள் நடத்தும் சிறு நிறுவனங்கள் நுழையும் வழியை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தை வரிவரியாகப் படிக்கையில், இரண்டாம் பிரிவில் ஒரு சின்ன விளக்கம் பிடித்து நிறுத்திவிட்டது. அதைச் சொல்லாமல் ஆவடிக்குப் போவதில் பயனில்லை. நன்றாகச் செய்யவும் விற்கவும் தெரிந்த பெண்கள் பலர் தடுமாறும் இடத்தில்தான் அந்த விளக்கம் இருக்கிறது.

பெண்களின் தொழில் என்று பேச்செடுத்தாலே அது கடனில்தான் போய் நிற்கும். முத்ரா கடன் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும், தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் மானியம் எத்தனை விழுக்காடு, ஜாமீன் கேட்பார்களா என்பவையே கேள்விகள். இதற்கு நியாயமான காரணம் உண்டு. 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கியபோது, காய்கறி விற்ற, பூ விற்ற, இட்லி சுட்டு விற்ற பெண்களின் கழுத்தை நெரித்தது தினவட்டிதான். காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு கட்ட வேண்டிய பணம் அது. ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் குழுக்களாக அவர்களைச் சேர்த்து, முறையான கடனுக்கு அந்த அமைப்பு வழி செய்தது. சொத்து இல்லாத பெண்ணும் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுவாள் என்பதை அந்தப் பெண்கள் நாட்டுக்கே காட்டினார்கள். அந்த வெற்றி பெரியது. ஆனால் பெண் என்றால் கடன் வாங்குகிறவள் என்ற எண்ணமும் அதோடு ஊறிப்போயிற்று. அவளுக்கு வரவேண்டிய பணத்தை மற்றவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணும், தனக்கே தெரியாமல், கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். பத்திரம் இல்லை, தவணைத் தேதி இல்லை, வட்டி இல்லை. தொழிலை வளர்க்க நினைக்கும் பெண் முதலில் தன்னைக் கடன் கொடுத்தவளாகப் பார்க்கப் பழக வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

கணக்குப் போட்டால் இது விளங்கும். 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும், திருமுல்லைவாயிலில் பெண்களுக்கென்றே சிட்கோ அமைத்த தொழிற்பூங்காவிலும், பூந்தமல்லி வரை நீளும் தெருக்களிலும் நடக்கும் சிறு பட்டறைகளில் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ரப்பர் வாஷர் செய்யும் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு போகிறது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் பில் 2,36,000. வாங்குகிறவர் 120 நாள் கழித்துப் பணம் தருகிறார் என்றால், எந்த நேரத்திலும் நான்கு மாத பில் வெளியே நிற்கும். அது 9,44,000 ரூபாய். அதே பணம் 45 நாளில் வந்தால் வெளியே நிற்பது 3,54,000 மட்டுமே. இடையில் உள்ள 5,90,000 ரூபாயை அந்தப் பெண் எங்கிருந்தோ புரட்டியாக வேண்டும். பெரும்பாலும் நகையை வைத்து. 12 விழுக்காடு வட்டி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 70,800 ரூபாய். அவளுடைய ஆண்டு விற்பனை 24 லட்சம். அதில் பத்து விழுக்காடு லாபம் என்றால் 2,40,000. அந்த லாபத்தில் பத்தில் மூன்று பங்கு, பிறர் வைத்திருக்கும் பணத்துக்கு இவள் கட்டும் வட்டியாகப் போய்விடுகிறது. இதற்கு நடுவே ஜிஎஸ்டி வேறு. பில் போட்ட மாதத்துக்கான வரியை, பணம் கைக்கு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் அடுத்த மாதமே கட்ட வேண்டும். விற்பனை கூடக் கூட இந்தச் சுமையும் கூடும். ஆர்டர் நிறைய வந்த ஆண்டிலேயே சில பட்டறைகள் மூடப்படுவது இதனால்தான்.

பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு இது கூடுதலாகவே வலிக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. 2024 தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட விவரப்படி, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவுத் தளத்தில் பதிவான நிறுவனங்களில் பெண்களுடையவை சுமார் 20 விழுக்காடு. ஆனால் மொத்த விற்றுமுதலில் அவற்றின் பங்கு சுமார் 10 விழுக்காடுதான். எண்ணிக்கையில் ஐந்தில் ஒன்று. விற்பனையில் பத்தில் ஒன்று. இந்த இடைவெளிக்குத் தாமதப் பணம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சொத்து பெயரில் இல்லாதது, வீட்டு வேலை, தொழில் வட்டாரத்தில் பழக்கம் குறைவு என்று பல உண்டு. ஆனால் சொத்து இல்லாதவளுக்குத் தாமதத்தைத் தாங்கும் தெம்பும் குறைவு. அடமானம் வைக்க வீடு இருப்பவர் நான்கு மாதம் காத்திருப்பார். இரண்டு வளையல் மட்டுமே இருப்பவளால் முடியாது.

இனி அந்த விளக்கத்துக்கு வருகிறேன். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. 15ஆம் பிரிவு சொல்லும் இது பலருக்கும் தெரியும். எந்த நாளிலிருந்து 45 என்பதுதான் தெரியாது. சரக்கை ‘ஏற்றுக்கொண்ட’ நாளிலிருந்து என்கிறது சட்டம். ‘தரம் இன்னும் பார்க்கவில்லை, ஸ்டோர்ஸில் என்ட்ரி போடவில்லை, மேனேஜர் ஊரில் இல்லை’ என்று மாதக்கணக்கில் இழுப்பது இந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டுதான். அந்தக் கதவைத்தான் இரண்டாம் பிரிவின் விளக்கம் சாத்துகிறது. சரக்கு இறங்கி 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லவில்லையென்றால், அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். அதுவும் பதினைந்தாம் நாளில் ஏற்றதாக இல்லை. சரக்கு இறங்கிய அன்றே ஏற்றதாக. மௌனம் சம்மதம் என்று நம் வீடுகளில் சொல்லிவந்ததை நாடாளுமன்றம் வணிகச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது! பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டே பழகிய ஊரில், அவளிடம் வாங்கியவரின் மௌனம் அவளுக்குச் சாதகமாக எண்ணப்படும் ஓர் இடம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. போனில் ‘நாலு பீஸ் சரியில்லைம்மா’ என்று சொல்வது இந்தச் சட்டத்தின் கண்ணில் ஆட்சேபமாகாது. எழுத்தில் வர வேண்டும், 15 நாளுக்குள் வர வேண்டும்.

அப்படியானால் இந்த உரிமை முழுவதும் எதன்மேல் நிற்கிறது? சரக்கு இறங்கிய நாளை நிரூபிக்கும் ஒரு துண்டுத் தாளின் மேல். பட்டறைகளில் டிசி என்று சொல்லும் டெலிவரி சலான்தான் அது. குட்டியானை வண்டி கம்பெனி வாசலில் நிற்கிறது. செக்யூரிட்டி டிசி புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வாசல் பதிவேட்டில் ஒரு வரி எழுதி, நீல மையில் இன்வார்டு முத்திரையைக் குத்துகிறார். முத்திரைக்குள் தேதிக்கும் நேரத்துக்கும் வரிசை எண்ணுக்கும் கட்டங்கள் இருக்கும். அவசரத்தில் அவற்றைக் காலியாக விட்டு ஒரு கிறுக்கல் கையெழுத்து மட்டும் போட்டுத் தருவார். வண்டி ஓட்டி வந்தவரும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வியர்வையில் மை கலைந்த அந்தத் தாள் பட்டறைக்கு வரும்போது நாளைச் சொல்லாது. லட்ச ரூபாய் கடன் கொடுத்தவர் பத்திரத்தில் தேதி இல்லாமல் வீட்டுக்கு வருவாரா? ஆகவே மூன்று வேலைகள். தேதியும் பெயரும் நிரம்பாத டிசியை வாங்கி வரக் கூடாது என்று வண்டிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். வாசலிலேயே அதைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தோடு ‘இன்ன டிசி எண், இன்ன சரக்கு, இன்று இறங்கியது’ என்று வாங்கியவரின் மின்னஞ்சலுக்கு அன்றே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். இவற்றோடு, பில்லில் உங்கள் உத்யம் எண்ணும், பணம் தர வேண்டிய கடைசித் தேதியும் அச்சாகட்டும். ‘45 நாள்’ என்பதைவிடத் தேதியாகவே எழுதுங்கள். அக்கவுண்ட்ஸில் இருப்பவர் அதை அப்படியே நாட்காட்டியோடு பொருத்திப் பார்க்கலாம்.

சட்டம் ஒரே நாளில் இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. சிறுதொழில்களுக்குத் தாமதமாகும் பணத்துக்கு வட்டி தர வேண்டும் என்று 1993இலேயே தனிச் சட்டம் வந்தது. 1998இல் திருத்தும்போது, ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்ளக்கூடிய கெடுவுக்கு 120 நாள் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2006இல் அதை 45 ஆகக் குறைத்தார்கள். வட்டியையும் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்காக, மாதந்தோறும் கூட்டுவட்டியாக நிர்ணயித்தார்கள். வங்கி விகிதம் 6 என்றால் இது 18 விழுக்காடு. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் ‘90 நாள்’ என்று பொடி எழுத்தில் இருந்தாலும் சட்டம் அதற்கு மேலே நிற்கும். 2023இல் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு கூறு சேர்ந்தது. கெடுவுக்குள் தராத பணத்தை, உண்மையில் தரும் ஆண்டு வரை, வாங்கியவர் தன் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் நெருங்கும்போது பாக்கியை நினைவூட்டும் கடிதத்துக்குப் பலம் தருவது இந்தக் கூறுதான்.

‘சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வருமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஒரே கம்பெனியை நம்பி நடக்கும் பட்டறைக்கு எந்தச் சட்டமும் முதுகெலும்பு தராது. அதனால்தான் எந்த ஒரு வாடிக்கையாளரும் உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது, பணத்தை வசூலிக்கும் வழியும் ஆகிறது. ஆனால் நான் மேலே சொன்ன எதிலும் சண்டை இல்லை. தேதி போட்ட டிசியும், தேதி அச்சான பில்லும், நாற்பதாம் நாள் போகும் ஒரு மரியாதையான நினைவூட்டலும் யாரையும் புண்படுத்தாது. இருக்கிற பணத்தை யாருக்கு முதலில் தருவது என்று முடிவெடுக்கும்போது, கணக்கு சுத்தமாக இருப்பவரின் பில் மேலே வரும். ‘உத்யம் பதிவை விட்டுவிட்டு வந்தால் ஆர்டர் தருகிறோம்’ என்று 43பி-யில் அந்தக் கூறு வந்த பிறகு சிலர் கேட்டதாகச் செய்திகள் வந்தன. அப்படிக் கேட்பவர், கெடுவுக்குள் பணம் தரும் எண்ணம் தமக்கு இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அந்த ஆர்டரின் விலையில் நான்கு மாத வட்டியைக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

‘புகார் கொடுத்தாலும் இழுத்தடிக்கத்தானே செய்யும்?’ என்பது அடுத்தது. அரசின் இணையதளத்தில் புகாரைப் பதிந்தால் அது குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்துக்குப் போகும். நம் பகுதிக்குச் சென்னையில் உள்ள மன்றம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதற்கு மேலும் ஆகிறது. இதை மறைப்பதற்கில்லை. ஆனால் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால், முதலில் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்ட வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சிறியவருக்கு இவ்வளவு சாதகமான வழக்குமுறை நம் நாட்டில் குறைவு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சரக்கு அனுப்பிய பிறகு உத்யம் பதிவு வாங்கினால் பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பு சேராது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. பதிவு இலவசம், முதல் டிசி எழுதுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

புடவை, மளிகை என்று வாங்கி விற்பவர்களும் உத்யத்தில் பதியலாம். ஆனால் அது வங்கிக் கடனுக்கு மட்டும் உதவும், இந்தக் கெடு அவர்களுக்குப் பொருந்தாது. வீட்டிலிருந்து கேக்கோ பிளவுஸோ செய்து தனிநபர்களுக்குத் தரும் பெண்களும் மன்றத்துக்குப் போவது நடைமுறையில் எளிதில்லை. இவர்களுக்கு ஒரே காப்பு முன்பணம். துணி, மாவு, வெண்ணெய் வாங்க ஆகும் செலவையாவது ஆர்டர் எடுக்கும்போதே வாங்கிவிட வேண்டும். கொடுக்கிற கடனின் அளவை நாம் தீர்மானிக்கிறோம் என்பதே இங்கும் அடிப்படை.

ஆவடிக்கு அடுத்த வாரம் போவோம். 2012இன் கொள்முதல் கொள்கையின் திருத்திய வடிவப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 3 விழுக்காடு பெண்களின் நிறுவனங்களுக்கு என்பது 2018இல் சேர்ந்தது. 2021 அக்டோபரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாமின் கீழும், படைஉடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸின் கீழும் வந்துவிட்டன. இரண்டும் பொதுத்துறை நிறுவனங்கள். அந்த 3 விழுக்காட்டுக்கான கதவு எங்கே, அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் எப்படித் தட்டுவது என்று விரிவாகப் பார்க்கலாம். அதற்குள் ஒரு வேலை. உங்கள் டிசி கோப்பைத் திறந்து கடைசிப் பத்துத் தாள்களை எடுங்கள். முத்திரைக்குள் தேதி எத்தனையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். தேதி இல்லாத ஒவ்வொன்றும் நீங்கள் பத்திரம் இல்லாமல் கொடுத்த கடன். அந்தத் தொகைகளைக் கூட்டி எழுதி வையுங்கள். புதிதாகக் கடன் கேட்டு வங்கிப் படி ஏறுமுன் அந்தக் கூட்டுத்தொகை உங்கள் கண்முன் இருக்கட்டும்.

(தொடரும்)