பழைய புல்லட்டின் கார்புரேட்டர்

திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய இரும்பு இஞ்சின் புல்லட்டைத் தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தாகவோ, ஆசைப்பட்டு வாங்கிய வாகனமாகவோ வீட்டில் வைத்திருப்பவர்கள், மழைக்காலம் முழுவதும் அதைத் தார்ப்பாயின் கீழ் நிறுத்திவிட்டுத் தை பிறந்ததும் வெளியே எடுத்துக் கிக்கரை உதைக்கையில், சோக் போட்டால் ஓடுவதும் சோக்கை எடுத்த மறுகணமே நின்றுவிடுவதுமான அதன் போக்கைக் கண்டு மனம் நொந்து, இஞ்சினையே பிரிக்க நேருமோ என்று அஞ்சுவது சகஜம். அந்த அச்சம் பெரும்பாலும் அநாவசியமானது. கையளவேயான கார்புரேட்டருக்குள், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள ஒரு பித்தளைத் துளை அடைபட்டிருப்பதே இதற்குக் காரணமாக இருக்கும்.

குறுகிய வழியில் விரைந்து பாயும் பொருளின் அழுத்தம் குறைகிறது என்ற தத்துவத்தை டேனியல் பெர்னௌலி 1738-இல் எழுதிவைத்தார். 1893-இல் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், மிதவையும் தெளிப்புத் துளையும் கொண்ட கார்புரேட்டரை அமைத்து அந்தத் தத்துவத்தை வாகனத்துக்கு உபயோகமாக்கினார். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்தை ஒட்டியும், தேவைக்கேற்பச் சற்றுக் கூட்டியும் குறைத்தும், கணந்தோறும் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கலந்து தருகிற அந்தச் சிறு யந்திரத்தில் மின்சாரமும் இல்லை, கணிப்பொறியும் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதன்மேல் மரியாதை பெருகுகிறது.

பெட்ரோல் புறப்படும் வழிகள் அதற்குள் மூன்று. ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் விட்டிருக்கும்போதும் சிறிதே முறுக்கும்போதும் ஸ்லோ ஜெட் பெட்ரோலைத் தருகிறது. நடுத்தர வேகத்தில், ஆக்ஸிலேட்டர் கேபிள் தூக்கும் ஸ்லைடோடு ஏறியிறங்கும் நீடில் அளவை நிர்ணயிக்கிறது. முழுதும் முறுக்கும்போது மெயின் ஜெட்டுக்கே ஆதிக்கம். ஆகையால், ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் வண்டி சொல்வதைக் காதால் கேட்பவருக்குப் பாதி வேலை அப்போதே முடிந்துவிடுகிறது. ஐட்லிங்கில் நிற்காத வண்டியில் முதலில் ஸ்லோ ஜெட்டைச் சந்தேகிக்க வேண்டும். மெதுவாக ஓடும்வரை சீராக இருந்து, நெடுஞ்சாலையில் முறுக்கும்போது திணறினால் மெயின் ஜெட்டையும், டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் பாதையையும் பார்க்க வேண்டும். ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கலாம்.

அடைப்பு உண்டாவது பெரும்பாலும் ஓட்டத்தினால் அன்று, நிறுத்திவைப்பதினால். தேங்கிய பெட்ரோலின் இலேசான அம்சங்கள் ஆவியாகிப்போக, எஞ்சியது மஞ்சள் நிறப் பிசினாக இறுகுகிறது. இப்போது விற்பனையாகும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதையும் இங்கே கருத வேண்டும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் சுபாவமுடையது, அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும், எத்தனாலை உத்தேசித்துச் செய்யப்படாத பழைய ரப்பர் வாஷர்களும் அதில் கெட்டுப்போகக்கூடும்.

வேலையைத் திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் அண்டாத இடத்தில், இஞ்சின் ஆறியபின் தொடங்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடி, குழாயைக் கழற்றி, மேல்மூடியைத் திருகித் தூக்கினால் ஸ்லைடும் நீடிலும் கேபிளோடு வந்துவிடும். கழற்றுகிற ஒவ்வொரு நிலையையும் போட்டோ எடுத்துக்கொள்வது, முக்கியமாக நீடிலின் கிளிப் எந்தக் கோட்டில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வது, பிற்பாடு பெரும் சங்கடத்தைத் தவிர்க்கும். அடிக்கப்பைத் திறந்ததும் மிதவையையும் அதன் ஊசியையும் அப்புறப்படுத்திவிட வேண்டும். ஏனெனில் அழுத்தக் காற்று பட்டால் மிதவை நசுங்கும். பிறகு, ஜெட்டின் தலையிலுள்ள வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரைக் கொண்டு மெயின் ஜெட்டையும், பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும் ஸ்லோ ஜெட்டையும் கழற்ற வேண்டும். பித்தளை மிருதுவானது, பொருந்தாத முனையால் ஒருமுறை வழுக்கினால் அந்த ஜெட் பிறகு வெளியே வராது.

இந்த ஸ்லோ ஜெட்டிடம்தான் நிதானம் முழுவதையும் செலவிட வேண்டும். குண்டூசியையோ இரும்புக் கம்பியையோ உள்ளே விட்டுக் குடைகிற வழக்கம் பலருக்கு உண்டு. அது அடைப்பை நீக்குவதோடு துளையையும் அகலமாக்கி, கலவையை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது. கார்புரேட்டர் க்ளீனரில் ஊறவைத்து, அவசியமானால் மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பிழையை மெல்லச் செலுத்தி, பஞ்சர் கடைக் காற்றினால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் துளை வட்டமாகத் தெளிந்து தெரியும்வரை ஓயக்கூடாது. ஜெட்டை மட்டும் துடைத்துவிட்டுக் கார்புரேட்டரின் உடலை மறப்பதனால்தான் பல வண்டிகள் மறுநாளே பழையபடி நிற்கின்றன. காற்றின் அளவைத் திருத்தும் ஏர் ஸ்குரூவை, அது எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணிவிட்டுக் கழற்றி, அந்தத் துவாரத்தில் க்ளீனரைப் பீய்ச்சினால், ஸ்லைடின் கீழே இஞ்சின் பக்கமுள்ள பொடித் துளைகளின் வழியே அது வெளிப்பட வேண்டும். வெளிப்படாவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள். பீய்ச்சும்போது கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

கிழிந்த கேஸ்கெட்டை மாற்றி, ஸ்லைடின் வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் நோக்கும்படி எல்லாவற்றையும் பூட்டியபின், ஏர் ஸ்குரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருகி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டியைக் கிளப்பி, நன்றாகச் சூடேறியதும், அந்த ஸ்குரூவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் விட்டுவிட்டு, ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். டேங்கில் துரு இருந்தால் அதையும், டேப்பின் வலையையும் அன்றைக்கே சுத்தம் செய்துவிட வேண்டும். இனி வண்டியைச் சில வாரங்கள் நிறுத்த நேர்ந்தால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கப்பில் மிஞ்சியது தீர்ந்து இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது பழைய மெக்கானிக்குகளின் சம்பிரதாயம்.