உங்களுக்குத் தெரியுமா? ஸ்கேன் அறைக்கு முன் ஓர் ஒத்திகை

● எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வலிக்காது. எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேனில் உள்ள வகைக் கதிர்வீச்சும் இதில் இல்லை. சில பரிசோதனைகளுக்கு மட்டும் கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றுவார்கள். இருந்தும் ஐந்து வயதுப் பிள்ளை அந்த அறை வாசலிலேயே அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. குழாயின் உள்விட்டம் 60 செ.மீ., அகலமான மாடல்களில் 70 செ.மீ. தலையை ஸ்கேன் செய்வதாக இருந்தால் முகத்துக்கு மேல் கூண்டு போல ஒன்றை மாட்டுவார்கள். பிறகு இருபது நிமிடமோ முக்கால் மணி நேரமோ ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். பெரியவர்களிலேயே பாதியில் எழுந்து வந்தவர்கள் உண்டு.

● அந்த 'டம டம' சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. இயந்திரத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை மிக வேகமாக மாற்றி மாற்றிப் பாய்ச்சுகிறார்கள். பலமான காந்தத்தின் நடுவே இருப்பதால், மின்சாரம் மாறும்போதெல்லாம் சுருள் உதறிக்கொள்கிறது. ஒலிபெருக்கி பாடுவதும் இதே விதியின்படிதான். அதனால்தான் உள்ளே போகும் எல்லாருக்கும் காதடைப்பானோ ஹெட்போனோ தருகிறார்கள். இயந்திரம் கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளை நினைத்துக்கொண்டால் அது பிள்ளையின் தவறல்ல. சத்தம் அப்படித்தான் இருக்கும்.

● செல்போன் கேமராவைப் போல எம்.ஆர்.ஐ. ஒரே கிளிக்கில் படம் எடுப்பதில்லை. ஒரு தொகுப்புப் படத்துக்கான தகவலைப் பல நிமிடங்கள் சேகரித்து, கடைசியில் கணக்குப் போட்டுப் படமாக்குகிறது. நடுவில் சில மில்லிமீட்டர் தலை அசைந்தாலும் அந்த அசைவின் நிழல் படம் முழுக்கப் பரவிவிடும். மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுக்க முக்கியக் காரணம் இதுதான்.

● மயக்கம் என்றால் சும்மா தூக்கம் அல்ல. வெறும் வயிற்றில் வர வேண்டும், மயக்க மருந்து நிபுணர் கூடவே இருக்க வேண்டும், முடிந்த பிறகும் கண்காணிக்க வேண்டும். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேரமோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். படித்ததும் பயந்துவிட வேண்டாம். குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்ட கைக்குழந்தைகளை ஏழு நாடுகளில் ஐந்து வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கத்தால் அறிவுத்திறனில் வித்தியாசம் எதுவும் அதில் தெரியவில்லை. தேவைப்படும் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தேவையில்லாத பிள்ளையை அதிலிருந்து காப்பாற்றத்தான் ஒத்திகை என்ற இந்தப் பாடெல்லாம்.

● கைக்குழந்தைகள் பலருக்கு ஸ்கேனுக்கு மயக்கமே தேவைப்படுவதில்லை. நன்றாகப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை மூடிப் படுக்க வைத்தால் பல குழந்தைகள் ஸ்கேன் முடியும் வரை தூங்கிவிடும். பல மருத்துவமனைகளில் இதுவே நடைமுறை. சிக்கல் எல்லாம் விவரம் தெரிந்தும் தெரியாத வயதில்தான்.

● மெய்நிகர் காட்சி (வி.ஆர்.) இங்கேதான் உதவிக்கு வருகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. இயற்பியலாளராக இருந்த ஜானதன் ஆஷ்மோர் தன் குழுவோடு ஓர் இலவசச் செயலியை உருவாக்கினார். எம்.ஆர்.ஐ. எடுக்க வரும் பிள்ளை மருத்துவமனையில் பார்க்கப்போவதை எல்லாம் அது 360 பாகை வீடியோவாகக் காட்டும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சாதாரண ஸ்மார்ட்போனை, லென்ஸ் பொருத்திய அட்டைக் கண்ணாடியில் செருகினால் போதும். குழாய்க்குள் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும், சத்தம் எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. குழுவின் ஆய்வுக் கட்டுரை 2019-ல் வெளியானது.

● தென்கொரியப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு பென்குயின்! அந்த நாட்டுக் குழந்தைகளின் செல்லக் கார்ட்டூன் பாத்திரமான பொரோரோ, அறுவை சிகிச்சை அறையையும் மயக்கம் கொடுக்கும் விதத்தையும் மெய்நிகர் கண்ணாடிக்குள் சுற்றிக் காட்டியது. சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் பூந்தாங் மருத்துவமனை நடத்திய இந்த ஆய்வு 2017-ல் வெளியானது. அதே மருத்துவமனையில் மார்பு எக்ஸ்-ரே எடுக்க வந்த 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று நிமிட மெய்நிகர் படம் காட்டிப் பார்த்தார்கள். அந்த முடிவு 2019-ல் வந்தது. படம் பார்த்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெரிய பதற்றமின்றி எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டார்கள். பார்க்காதவர்களில் பாதிப் பேர்தான். எக்ஸ்-ரே எடுக்கும் நேரமும் குறைந்தது. எக்ஸ்-ரேக்கு எதற்கு இவ்வளவு தடபுடல் என்று கேட்பவர்கள், திமிறும் நான்கு வயதுப் பிள்ளையைப் பிடித்து நிறுத்திப் பார்த்ததில்லை.

● கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஆய்வு கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறது. அதுவரை எம்.ஆர்.ஐ. பார்த்திராத 4 முதல் 13 வயதுப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு விளக்கக் கையேடு. இன்னொன்றுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் நேரில் விளக்கினார். மூன்றாவதுக்கு மெய்நிகர் கண்ணாடி. பிறகு எல்லாரையும் மாதிரி ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, யார் அசையாமல் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். குழுக்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! என் கணிப்பு இது: கண்ணாடியைவிட முக்கியம், என்ன நடக்கப்போகிறது என்பதைப் பிள்ளையிடம் யாராவது உட்கார்ந்து சொல்வது. அதற்கு ஆள் இல்லாத இடத்தில் கண்ணாடி அந்த வேலையைச் செய்கிறது. அவ்வளவுதான் அதன் பெருமை. அதுவும் சின்னப் பெருமை அல்ல.

● தலையில் மாட்டும் மெய்நிகர் கருவியின் முன்னோடியை 1968-ல் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் செய்தார். அதை உத்தரத்தில் இருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1990-களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காய நோயாளிகளுக்கு மெய்நிகர் காட்சியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வலியை மறக்கச் செய்யும் முயற்சி அது. அங்கே உருவான விளையாட்டில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிப்பந்து எறிவார். எரியும் உடம்புக்குப் பனி! யோசித்தவர் யோசித்திருக்கிறார்.

● ஒரு வினோதம்: சாதாரண மெய்நிகர் கண்ணாடி எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக முடியாது. 1.5 டெஸ்லா ஸ்கேனரின் காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் நடக்காதபோதும் அந்தக் காந்தம் அணைவதில்லை. பேட்டரியும் இரும்பும் உள்ள பொருள் உள்ளே போனால் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கண்ணாடி ஒத்திகைக்கு மட்டும். உள்ளே படம் பார்க்க வேண்டுமானால், தலைக்கூண்டின் மேல் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற சிறிய ஒன்றைச் சாய்த்து வைத்து, பின்னால் உள்ள திரை அதில் தெரியும்படி செய்வார்கள்.

● இயந்திரத்தையே கதையாக்கியவர் ஒருவர் இருக்கிறார். ஜி.இ. நிறுவனத்தில் ஸ்கேனர்களை வடிவமைத்த டக் டீட்ஸ், தன் புதிய எம்.ஆர்.ஐ. இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க ஒரு மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு சிறுமி அதைப் பார்த்து அழுதுகொண்டே வந்தாள். பெருமையோடு போனவர் அந்தக் காட்சியால் ஆடிப்போனார். பிறகு பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து ஸ்கேன் அறைகளைச் சாகசக் களங்களாக மாற்றினார். ஓர் அறையில் ஸ்கேனர் கடற்கொள்ளையர் கப்பல். உள்ளே இருக்கும் இயந்திரம் அதேதான். மாறியது வண்ணமும், பணியாளர் சொல்லும் கதையும். ஸ்கேன் முடிந்த ஒரு குழந்தை நாளைக்கும் வரலாமா என்று அம்மாவிடம் கேட்டதாம். டீட்ஸே மேடைகளில் சொல்லும் கதை இது.

● லெகோ விளையாட்டுக் கட்டைகளிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் உண்டு. கடையில் கிடைக்காது, லெகோ அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கு இலவசமாகத் தருகிறது. பிலிப்ஸ் நிறுவனம் இன்னொரு வகை செய்தது: பிள்ளை ஒரு பொம்மையை எடுத்துக் குட்டி ஸ்கேனருக்குள் நுழைத்தால், அந்தப் பொம்மையின் 'உள்ளே' என்ன இருக்கிறது என்று திரையில் படம் ஓடும். மருத்துவரின் நாற்காலி பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது, பயம் பொம்மைக்கு!

● மெய்நிகர் கருவிகள் பெரியவர் தலைக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. சில அரைக் கிலோ எடை இருக்கும். பிள்ளைகளின் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் குறைவு என்பதால் காட்சி சரியாகக் கூடாமல் போகலாம். சிலருக்குத் தலைசுற்றலும் வரும். மெட்டா நிறுவனம் தன் கருவிகளுக்கு 10 வயதைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. ஒத்திகைப் படங்கள் மூன்று, நான்கு நிமிடத்தோடு முடிவது இதனாலும் நல்லதுதான். வலிப்பு வந்த பிள்ளையானால் மருத்துவரிடம் கேட்காமல் மாட்ட வேண்டாம்.

● கொலுசு, வெள்ளி அரைஞாண், தாயத்து, தோடு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். தங்கத்தையும் வெள்ளியையும் காந்தம் இழுக்காது என்பது உண்மை. ஆனாலும் ஸ்கேனரின் ரேடியோ அலைகளால் உலோகம் சூடாகலாம், அந்தப் பகுதியின் படமும் கெடும். பிறந்ததில் இருந்து இடுப்பில் கிடக்கும் அரைஞாணை ஸ்கேன் அறை வாசலில் அவசரமாக அறுத்தால், எந்த ஒத்திகையிலும் வராத அழுகை அங்கே ஆரம்பிக்கும்.