தற்காப்புத் துப்பாக்கியும் அதன் விசையும்

தங்கவயல் மக்களுக்குத் துப்பாக்கி புதிய பொருளன்று. சுரங்கக் கம்பெனியார் காலத்தில் பொன்னைக் காத்து நின்ற காவலர் கையில் அதைக் கண்டோம். வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்திருந்த தொண்டர் படையினர் அதனை ஏந்தி அணிவகுத்ததை நம் பாட்டன்மார் கண்டனர். 1946-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் போலீசார் சுட்டதில் தொழிலாளத் தோழர் அறுவர் மாண்டதை இவ்வூர் இன்றளவும் நினைவுகூர்ந்து வருகிறது. ஆயினும் அவையெல்லாம் பிறர் கைத் துப்பாக்கிகள். நம்மவர் ஒருவர் முறைப்படி லைசென்ஸ் பெற்றுத் தம் வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கியைப் பற்றியே இங்குச் சில கூற விழைகின்றோம்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், இவ்வூரின் வாழ்க்கை ரயில் வண்டியின் நேரத்தை ஒட்டியதாகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குப் பிழைப்புக்குச் சென்று, இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். பகல் முழுவதும் வீட்டில் இருப்போர் முதியோரும் பெண்டிருமே. எனவே, பட்டாளத்தில் பணி முடித்து வந்தோரும், இராபர்ட்சன்பேட்டையில் பொன் வெள்ளிக் கடை நடத்துவோரும், பணப் பொறுப்புள்ள வேலை பார்ப்போரும், “தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கி நல்லது?” என்று கேட்கத் தொடங்கியிருப்பதில் வியப்பில்லை. அவ்வாறு கேட்போர் விலையைக் கேட்கின்றனர். தோட்டாவின் பருமனைக் கேட்கின்றனர். சீமைச் சரக்கா நாட்டுச் சரக்கா என்று கேட்கின்றனர். விசையைப் பற்றிக் கேட்பார் மிகச் சிலரே. நம் கருத்தில் முதலாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

ஏன் என்பதற்கு நம் லைன் வீடுகளே விடை கூறும். ஒரு சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் உறங்குகின்றனர். பல இடங்களில் அச்சுவர் தட்டியும் மண்ணுமாக இருந்து, பின்னர் ஒற்றைச் செங்கல்லாகவோ தகரமாகவோ மாறியது. இலக்குத் தவறிய தோட்டா தட்டியையும் தகரத்தையும் மதித்து நிற்காது. ஆகவே இங்கு வாழும் ஒருவருக்குத் துப்பாக்கி சுடுமா என்பது பெரிதன்று. அவர் சுட எண்ணாதபோது அது சுடாமலிருக்குமா, சுட எண்ணியபோது எண்ணிய இடத்திற்கே செல்லுமா என்பவையே பெரியவை. இவ்விரண்டையும் தீர்மானிப்பது ஆள்காட்டி விரலும் அதன் கீழுள்ள விசையுமே.

சட்டத்தை விரிவாகக் கூறப் புகின் ஏடு போதாது, சுருங்கச் சொல்வோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்தல் குற்றம். நம்மவர் மனுச் செய்யவேண்டிய இடம் கோலார் டெபுடி கமிஷனர் அலுவலகம். தக்க காரணம் காட்டவேண்டும், ஆசை காரணமாகாது. 2016-ஆம் ஆண்டின் விதிகள் ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றமைக்குச் சான்றிதழையும் கேட்கின்றன. இதனை வெறும் காகிதமாக எண்ணி, எவரிடமோ முத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோர் தமக்கே தீங்கு தேடிக்கொள்கின்றனர். 9 மில்லிமீட்டர் போன்ற சில அளவுகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. ஆதலின் நம்மவர் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 அளவுடையதே.

இனி விசைக்கு வருவோம். தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கச் செய்யும் உறுப்பைத் துப்பாக்கியின் ‘குதிரை’ என்று நம் முன்னோர் வழங்கினர். அக்குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் வேலை ஒன்று. நின்ற குதிரையை விடுவிக்கும் வேலை மற்றொன்று. முதல் வேலையைக் கட்டைவிரலாலோ வேறு வகையாலோ முன்னரே செய்துவிட்டு, விசை இரண்டாவது வேலையை மட்டும் செய்யுமாயின் அதற்கு ஒற்றை இயக்கம் என்று பெயர். கடைக்காரர் ‘சிங்கிள் ஆக்ஷன்’ என்பர். இரண்டு வேலைகளையும் விசையே ஒரே இழுப்பில் செய்யுமாயின் அது இரட்டை இயக்கம், அதாவது ‘டபிள் ஆக்ஷன்’. ஆங்கில நாட்டில் இராபர்ட் ஆடம்ஸ் என்பார் 1851-இல் இத்தகைய ரிவால்வரைச் செய்தார். சில ஆண்டுகளில், கட்டைவிரலால் குதிரையை இழுத்தும் சுடலாம், விசையாலேயே இழுத்தும் சுடலாம் என்னும் இரு வழியும் உடைய ரிவால்வர்கள் வந்துவிட்டன.

ஒற்றை இயக்கத்தில் விசை சிறிதே நகரும். இரண்டு கிலோ அளவுள்ள இழுப்பே போதும். இலக்குப் பலகையை நோக்கி நிதானமாகச் சுடுவோருக்கு அது இனியது. இரட்டை இயக்கத்தில் விசை நெடுந்தூரம் நகர்தல் வேண்டும். நாலரை முதல் ஐந்தரைக் கிலோ வரை இழுப்புத் தேவைப்படுவது வழக்கம். பார்சல் அலுவலகத்தில் வில் தராசைத் தொங்கவிட்டு மூட்டை நிறுத்தவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஒரு கொக்கியில் இரண்டு கிலோ துவரம்பருப்பையும் மற்றொன்றில் ஐந்து கிலோ அரிசியையும் மாட்டி, ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். துப்பாக்கியின் எடை 700 கிராம். விசையின் இழுப்போ 5 கிலோ. அதாவது துப்பாக்கி தன் எடையைப்போல் ஏழு மடங்கு பலத்தால் இழுக்கப்படுகிறது. பிடி தளர்ந்திருப்பின் விசை நகர்வதோடு துப்பாக்கியும் சேர்ந்து திரும்பிவிடும். குறி தப்புவதற்குப் பெரும்பாலும் கண் காரணமன்று, இதுவே காரணம். 2014-இல் கான்பூர்த் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்னும் .32 ரிவால்வரைப் பெண்களுக்கு ஏற்றது என்று கூறி வெளியிட்டது. எடை ஏறத்தாழ அரைக் கிலோ. விலை ஓர் இலட்சத்து இருபதாயிரத்திற்கும் மேல். கைப்பையில் சுமக்க இலகுவானதே. ஆனால் இலகுவான துப்பாக்கி விசை இழுப்பின்போது எளிதில் அசையும். சுடும்போது கையை அதிகம் உதைக்கும். சுமப்பதில் கிடைக்கும் சுகத்திற்குச் சுடுவதில் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது. பெண்களுக்கு வேண்டுவது இலகுவான துப்பாக்கி என்ற எண்ணமே சரியன்று என்பது நம் கருத்து. வேண்டுவது கைக்கு அளவான பிடியும், விரல் எட்டும் தூரத்தில் விசையுமே. முழங்கை முதல் குழல் முனை வரை நேர்கோடாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரல் விசையின்மீது தாராளமாகப் படிகிறதா என்று பார்த்தால், அளவு உடனே தெரிந்துவிடும். படியாவிடில் விலை எவ்வளவாயினும் அத்துப்பாக்கி அக்கைக்குரியதன்று.

கான்பூரில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வந்த .32 ரிவால்வர், வெப்ளி என்னும் ஆங்கிலக் கம்பெனியின் பழைய வடிவத்தைத் தழுவியது. நடுவில் மடித்துத் திறந்தால் ஆறு அறைகளும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரியும். வெற்றுக் கூடுகள் தாமே வெளியே தள்ளப்படும். அதன் விசை கனமானது என்ற குறை பழைமையானது. 2023-இல் வெளிவந்த ‘பிரபல்’ ரிவால்வரில் தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும். எடை 700 கிராம். குழல் 76 மில்லிமீட்டர்.

பிஸ்டல் எனப்படும் தானியங்கி வகையில் முறைகள் பல. நம் இராணுவத்தார் வைத்திருக்கும் பிரௌனிங் வடிவப் பிஸ்டல் ஒற்றை இயக்கமுடையது. ஜெர்மானிய வால்தர் கம்பெனி 1929-இல் கொணர்ந்த வகையில், முதல் வேட்டுக்கு விசை நீண்டும் கனத்தும் இருக்கும். அடுத்தவற்றிற்குக் குறுகி இலகுவாகிவிடும். இரண்டையும் பழகவேண்டுமாதலின் பயிற்சி இரட்டிப்பாகும். ஆஸ்திரிய நாட்டுக் கிளாக் பிஸ்டலில் வெளியே குதிரையும் இல்லை, தனிப் பூட்டும் இல்லை. விசையிலேயே ஒரு சிறு நெம்பு பதிந்திருக்கும். அது போலீசார் கையில் காணப்படுவது, நம் பேச்சுக்குரியதன்று.

பிஸ்டலைப்பற்றி ஒன்று மட்டும் வற்புறுத்திக் கூறுவோம். தோட்டாக் கூட்டைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலி என்று எண்ணுவோர் பலர். குழலின் பின்னறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். அந்த ஒன்று போதும் ஒரு குடும்பத்தை அழவைக்க. ரிவால்வரில் இந்த ஏமாற்றம் இல்லை. திறந்தால் உள்ளது உள்ளபடி தெரியும்.

ஆகவே, ஆண்டிற்குச் சில முறையே சுடும் இடத்திற்குச் செல்லக்கூடிய, லைன் வீட்டில் வாழும் குடும்பத்தார்க்கு நாம் கூறுவது இரட்டை இயக்க ரிவால்வரே. அதன் நீண்ட, கனத்த விசை ஒரு குறையன்று. அதுவே அதன் பூட்டு. திடுக்கிட்ட விரல் தற்செயலாக அத்தனை தூரம் இழுத்துவிடாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தற்காப்புக்கு அதை இரட்டை இயக்கத்திலேயே பயன்படுத்தவேண்டும். திரைப்படத்தில் காண்பதுபோல் கட்டைவிரலால் குதிரையை இழுத்து நிறுத்திக்கொண்டு இருட்டில் நடப்பது ஆகாது. வந்தவன் கள்வனல்லன், குடித்துவிட்டு வீடு மாறி வந்த அண்டை வீட்டுப் பிள்ளை என்று தெரியவந்தால், நின்ற குதிரையை நடுங்கும் கையால் மெல்ல இறக்கவேண்டும். அவ்வாறு இறக்கும்போது கைநழுவி வெடிப்பதே பெரும் அபாயம். குதிரையை நிறுத்தாதிருந்தால் விரலை எடுத்துவிட்டால் போதும்.

கனத்த விசையால் குழந்தைகளுக்கு அபாயமில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அது தவறு. ஒரு விரலுக்கு இயலாததைக் குழந்தை இரு கட்டைவிரல்களால் செய்துவிடும். அப்போது குழல் அதன் முகத்தை நோக்கியிருக்கும். இரும்புப் பெட்டியும் பூட்டும் சாவியும் விசைக்கு ஈடாக வேறு எதனாலும் மாற்றக்கூடியவை அல்ல.

பயிற்சி எனின் தோட்டா செலவழிப்பது என்று பொருளன்று. லைசென்சில் குறித்த அளவுக்குமேல் தோட்டா வாங்கவும் இயலாது. விசைப் பயிற்சியின் பெரும்பகுதி வெற்றுத் துப்பாக்கியால் நடப்பது. முதலில் தோட்டாக்கள் அனைத்தையும் வேறோர் அறையில் வைத்துப் பூட்டவேண்டும். பின்னர்த் துப்பாக்கியைத் திறந்து, ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். பழைய வடிவத் துப்பாக்கிகளின் தட்டும் முனை தேயாதிருக்க, மருந்தில்லாப் போலித் தோட்டாக்களை இடுதல் நன்று. குறி வைக்கும் திசையில் ஆள் இருக்கும் சுவர் கூடாது. தனிக் கல்சுவரோ மணல் மூட்டை அடுக்கோ வேண்டும். லைன் வீட்டில் அத்தகைய சுவர் கிட்டாதாயின், அங்கே இப்பயிற்சியே வேண்டா.

இரு கைகளாலும் இறுகப் பிடித்து, முன்குறியில் கண்ணை நிறுத்தி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணும் நேரத்தில் விசையை ஒரே சீராக இழுத்து முடிக்கவேண்டும். இடையில் நிறுத்தி மறுபடி இழுப்பது கூடாது. குதிரை விழும் கணத்தில் முன்குறி அசைந்ததா என்பதே தேர்வு. குழலின்மேல் ஓர் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தால், கை பொய் சொல்லாது. நாணயம் விழாமல் பத்து முறை இழுக்க முடிந்தவர் நன்கு பழகியவர். நூறு முறை அவசரமாக இழுப்பதைவிட அப்பத்து மேலானது. பயிற்சி முடிந்ததும் “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லித் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிடவேண்டும். தோட்டா இட்ட பின்னர் “இன்னும் ஒரே ஒருமுறை” என்று இழுத்தவர்களாலேயே வெற்றுப் பயிற்சிக்குக் கெட்ட பெயர் வந்தது.

மெய்த்தோட்டாப் பயிற்சி அனுமதி பெற்ற சுடுகளத்திலேயே நடக்கவேண்டும். வயற்காட்டிலும் சயனைடு மண்மேட்டிலும் சுடுவது குற்றம். பெங்களூரில் கர்நாடக மாநில ரைபிள் சங்கம் உள்ளது. அத்தகைய இடத்தில் பயிற்றுநர் அருகில் நிற்கப் பழகுவதே முறை. அங்கே பயிற்றுநரிடம் ஒரு சோதனை கேட்கலாம். அவர் ஆறு அறைகளில் மூன்றில் மெய்த்தோட்டாவும் மூன்றில் வெற்றுக் கூடும் இட்டு, உருளையைச் சுழற்றி மூடித் தருவார். அடுத்தது வெடிக்குமா வெடிக்காதா என்பது சுடுபவருக்குத் தெரியாது. வெற்றுக் கூட்டின்மேல் குதிரை விழும்போது துப்பாக்கி முனை கீழே தாழ்ந்தால், அவர் சத்தத்திற்கு அஞ்சி விசையைப் பறிக்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும். பல்லாண்டு சுட்டவர்களிடமும் இந்நோய் உண்டு. மருந்து மீண்டும் வெற்றுப் பயிற்சியே. தொலைவு மூன்று மீட்டரும் ஏழு மீட்டரும் போதும். நம் வீட்டு அறைகள் அதைவிட நீளமானவை அல்ல.

சுடும் உரிமை எதுவரை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கூறுகின்றன. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேற்பட்ட தீங்கு செய்ய அவை இடந்தருவதில்லை. பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு, தற்காப்பு என்று கூறினால் நீதிமன்றம் ஏற்காது. திருமணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரியது.

மற்றொன்று, ரயிலில் செல்வோர்க்கு. லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கர்நாடகத்திற்கு மட்டும் எழுதப்பட்டதை இடுப்பில் வைத்துக்கொண்டு, சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் பங்காருப்பேட்டையில் வண்டி ஏறுபவர், குப்பத்தில் ஆந்திர எல்லைக்குள்ளும் ஜோலார்ப்பேட்டையில் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் குற்றவாளியாகிறார். டிக்கெட் செல்லும், துப்பாக்கி செல்லாது.

தேர்தல் காலங்களில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி ஆணை வருவது வழக்கம். இரசீது பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். வாரக்கணக்கில் பிறர் அலமாரியில் கிடந்து திரும்பிவரும் துப்பாக்கியை அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டாமல், திறந்து துடைத்து, எண்ணெயிட்டு, நாணயத்தை மீண்டும் குழலின்மேல் வைத்துப் பார்த்தல் நலம். அதற்குள் துரு ஏறிவிட்ட விசைகள் உண்டு. பழக்கம் விட்டுப்போன விரல்கள் அதனினும் அதிகம் உண்டு.