புதிய தொழிலாளர் சட்டம்: எது இறுகியது, எது நம் கையில் இருக்கிறது?

2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அன்றைய அ.தி.மு.க. அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரேயடியாக வேலையைவிட்டு நீக்கியது. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தத்தை தி.மு.க. அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் சேர்ந்து எதிர்க்க, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆள்வது யாராக இருந்தாலும், தொழிலாளிக்குக் காவல் அவருடைய சங்கமே. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்தியிருப்பதால், இதை ஒவ்வொரு தொழிலாளியும் உணர வேண்டிய நேரம் இது.

எது இறுகியது?

1926-இன் தொழிற்சங்கச் சட்டம், 1947-இன் தொழில் தகராறுகள் சட்டம் உட்பட 29 சட்டங்களின் இடத்தில் இந்தத் தொகுப்புகள் வந்துள்ளன. முன்பு வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு தரும் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது. இனி எல்லாத் தொழிலகங்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இடையில் சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடிந்து 7 நாள் ஆகும்வரை வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. மீறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் 100 பேருக்குக் குறையாமல் உள்ள ஆலைகள் அரசின் முன் அனுமதி பெற வேண்டியிருந்தது. அந்த வரம்பு இப்போது 300.

எது நம் கையில் இருக்கிறது?

சங்கம் அமைப்பது அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு தரும் உரிமை. ஏழு பேர் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை மிரட்டுவதும் பழிவாங்குவதும் அபராதத்துக்குரிய நியாயமற்ற செயல். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; அவர்களுடைய சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையைக்கூட ஒற்றுமையால்தான் கையில் வாங்க முடிகிறது.

எல்லாத் தொழிலாளர்களுக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். வேலையைவிட்டு நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும், சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

பிரச்சினை வந்தால் என்ன செய்வது?

நியமனக் கடிதம், சம்பள ரசீது, அடையாள அட்டை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், வருகைப் பதிவின் படம் ஆகியவற்றின் பிரதியை வீட்டில் வைத்திருங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது இன்னும் அவசியம். எந்த ஆலையில் வேலை பார்த்தோம் என்பதையே நிரூபிக்க வேண்டிய நிலை அவருக்கு வரும்.

வெற்றுத்தாளிலோ, எழுதிவைத்த ராஜினாமாவிலோ கையெழுத்துப் போடாதீர்கள். சார்ஜ் மெமோ வந்தால் சங்கத்தைக் கேட்டு, கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

வேலை நீக்கம் என்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். கெடு இரண்டு ஆண்டு. பழைய சட்டத்தில் மூன்றாக இருந்தது. சம்பளப் பாக்கிக்குக் கெடு மூன்று ஆண்டு. சமரசப் பேச்சு நடக்கும்போது, அந்தத் தகராறு தொடர்பாக நிர்வாகம் அனுமதியில்லாமல் ஒருவரை நீக்கவோ பணி நிலைமையை மாற்றவோ கூடாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

ஒரே ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீத ஆதரவுள்ள சங்கம் நிர்வாகத்துடன் பேசும் ஒரே சங்கமாக அங்கீகாரம் பெறும் என்கிறது புதிய சட்டம். கொடி வேறாக இருந்தாலும் கோரிக்கையில் ஒன்றுபட வேண்டிய கட்டாயம் இப்போது கூடியிருக்கிறது. உங்கள் ஆலையில் சங்கம் இருந்தால் உறுப்பினராகுங்கள், சந்தா கட்டுங்கள், கூட்டத்துக்குப் போங்கள். இல்லையென்றால், ஏழு பேரைத் திரட்டுவதில் தொடங்குங்கள்.