சேனைக் குடிலுக்கு ஒரு பற்றரி

மொனராகலையில் எங்கள் சேனைக் குடிலுக்கு மின்சாரம் இல்லை. யானை வரும் இரவில் விளக்கு அணைந்தால், காவலிருக்கும் வாப்பாவின் பாடு என்ன? மலிவென்று வாங்கிய பழைய கார் பற்றரி ஆறு மாதமும் தாங்கவில்லை. அதன் மெல்லிய ஈயத்தகடுகள் எஞ்சினைக் கிளப்பச் சில விநாடி பெருமின்னோட்டம் கொடுப்பதற்கே உரியவை. இரவு முழுவதும் வடியவிட்டால் சிதையும். சோலாருக்கான பற்றரியின் தகடு தடித்தது. அதையும் பாதிக்கு மேல் வடியவிடாதிருப்பதே நல்லது.

10 வாட் எல்ஈடி குமிழ் இரண்டு, 10 மணிநேரம் எரிய 200 வாட்மணி வேண்டும். 12 வோல்ட், 40 அம்பியர்மணிப் பற்றரியில் இருப்பது 480, பாதி 240. ஓரிரவுக்குப் போதும். ஆனால் சோளக்காவல் மாரிகாலத்தில்தானே, வெயிலை நம்ப முடியுமா? 80 அம்பியர்மணி எடுத்தோம். லிதியம் இன்னும் ஆழமாக வடிந்தாலும் தாங்கும், நீண்டகாலம் உழைக்கும். விலையைக் கேட்டதும் வாப்பா பேச்சை மாற்றிவிட்டார்.