உஷாவுக்கு ஒரு பெரிய திரை

பெங்களூர் வைட்ஃபீல்டில் மெட்ரோ ஏறினால் எம்.ஜி. ரோடு வரை இப்போது ஒரே வண்டி. 2023 மார்ச்சில் கிருஷ்ணராஜபுரம் வரை மட்டும் ஓடியது; அக்டோபரில்தான் நகரத்தோடு சேர்ந்தது. எம்.ஜி. ரோடில் இறங்கும்போதெல்லாம் என் கால் ஒரு கணம் தயங்கும். பிளாசா தியேட்டர் இருந்த இடம் அது. 1936-இல் திறந்து, தலைமுறை தலைமுறையாக ஆங்கிலப் படம் காட்டிய அரங்கம். அல்சூரில் வளர்ந்த என் அப்பா ஹாலிவுட்டை அறிந்தது அதன் இருட்டுக்குள் உட்கார்ந்துதான்.

அந்த நாளில் வைட்ஃபீல்டுக்காரர்களுக்கு சினிமா என்பது ஒரு பயணம். 1882-இல் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உருவான குடியிருப்பு இது. தோட்டம், ஓட்டு வீடு, வட்டமாக வளைந்து போகும் உட்சாலை. படம் பார்க்க ஆசைப்பட்டால் ஜோலார்பேட்டைத் தடத்தில் வரும் ரயிலைப் பிடித்து கன்டோன்மென்ட் போகவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வைட்ஃபீல்டுக்கும் நகரத்துக்கும் நடுவிலிருக்கும் எச்.ஏ.எல். தொழிற்சாலையே அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. ஊரில் அமெரிக்கச் சிப்பாய்கள் நடமாடிய அதே காலத்தில்தான் ஹாலிவுட்டின் தலைசிறந்த குற்றப்படங்கள் வெளிவந்தன.

அவற்றில் என் மனம் முதலில் போவது 1944-இல் வந்த ‘டபுள் இண்டெம்னிட்டி’யிடம். ஹிட்லர் பதவிக்கு வந்ததும் பெர்லினை விட்டு ஓடிவந்த பில்லி வைல்டர் இயக்கியது. துப்பறியும் கதைகளில் பேர்பெற்ற ரேமண்ட் சாண்ட்லர் அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக ஃப்ரெட் மெக்மரே. கணவனைத் தீர்த்துக்கட்டி பாலிசிப் பணத்தை வாங்கத் துடிக்கும் மனைவியாக பார்பரா ஸ்டான்விக். இருவரையும் மோப்பம் பிடிக்கும் அதிகாரியாக எட்வர்ட் ஜி. ராபின்சன். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று ஒன்றைக்கூட வாங்காத படம். ஜன்னல் தட்டிகளின் நிழல் மெக்மரேயின் கோட்டின் மேல் கோடு கோடாக விழும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அவன் இன்னும் கொலையே செய்யவில்லை. அதற்குள் சிறைக்கம்பி அவன் உடம்பில் விழுந்துவிட்டது.

நம்மிடமும் அப்படி ஒரு படம் உண்டு. பத்து ஆண்டு கழித்து, 1954 ஏப்ரல் 13-இல் ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’. வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து. 1943-இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சுட்டது யார் என்று ஆளுக்கொரு கதை. பாட்டில்லை, நடனமில்லை. கதாநாயகன் சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே பிணம். அன்றைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. விருது பிறகுதான் வந்தது.

எழுபது ஆண்டு ஆன படத்தின் முடிவைச் சொல்வதில் தவறில்லை. சுட்டவள் மனைவி உஷா, நடித்தவர் பண்டரிபாய். ஸ்டான்விக் பணத்துக்காகக் கணவனைக் கொல்லத் துணிகிறாள். உஷா துப்பாக்கி எடுப்பது, நாட்டின் ரகசியத்தை எதிரிக்கு விற்கப் புறப்பட்ட கணவனைத் தடுப்பதற்காக. அமெரிக்கப் படத்தில் பெண் கண்ணி வைக்கிறாள். தமிழ்ப் படத்தில் அவள் தானே கண்ணியில் மாட்டித் தவிக்கிறாள். எனக்கு உஷாதான் பெரிய பாத்திரம். குங்குமமும் புடவையுமாக, குரலை உயர்த்தாமல், கையில் துப்பாக்கியோடு நிற்கும் அந்த முகத்தைப் போல் இன்னொன்றைத் தமிழ்த் திரையில் நான் கண்டதில்லை.

பண்டரிபாயைப் பெங்களூருக்காரர்கள் கூடுதல் உரிமையோடு கொண்டாடலாம். கன்னடத்தைத் தாய்வீடாகக் கொண்ட நடிகை அவர். ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடியாக வந்தவர், அதே 1954-இல் ராஜ்குமாரின் முதல் கதாநாயகப் படமான ‘பேடர கண்ணப்பா’விலும் நாயகி. தமிழின் நடிகர் திலகமும் கன்னடத்தின் ‘அண்ணாவரு’ ராஜ்குமாரும் முதன்முதலில் கதாநாயகனாக நின்றபோது, இருவருக்கும் பக்கத்தில் நின்றவர் இவர்தான்.

இன்று பிளாசா இல்லை. பிரிகேட் ரோடு ரெக்ஸும் 2018 இறுதியில் கடைசிக் காட்சியை ஓட்டியது. திரைகள் வைட்ஃபீல்டுப் பக்கம் வந்துவிட்டன: வி.ஆர். மால், ஃபீனிக்ஸ், நெக்சஸ். அன்றைய வைட்ஃபீல்டுக்காரர்கள் ஒரு படத்துக்கு அரைநாள் ஒதுக்கினார்கள். எனக்குப் பத்து நிமிட ஆட்டோ. ஆனால் இத்தனை திரைகளில் ஒன்றில்கூட இங்கே ‘அந்த நாள்’ ஓடி நான் பார்த்ததில்லை.

யூடியூபில்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் அதில்தான் மகளுக்குக் காட்டினேன். ஹால் விளக்கு போன் கண்ணாடியில் பிரதிபலித்தது. வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால் இருட்டான பகுதிகள் கட்டம் கட்டமாக உடைந்து சாம்பல் பூசின. நிழலை நம்பி எடுத்த படத்தில் நிழலே போய்விட்டால் மிஞ்சுவது வசனம்தான். பாதியில் அவள் எழுந்துபோனாள். குற்றம் அவளுடையதல்ல. பிளாசா போன்ற இருட்டு அவளுக்குக் கிடைக்கவில்லை.

பழைய படத்துக்கு ஆள் வராது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 2012-இல் ‘கர்ண’னைப் புதுப்பித்துத் திரையிட்டபோது, சிவாஜியை நேரில் கண்டிராத பிள்ளைகளும் வந்தார்கள். வைட்ஃபீல்டின் அடுக்குமாடிகளில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை; பண்டரிபாயைச் சொந்தமாக நினைக்கக் கன்னடக் குடும்பங்களும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி போதும். அரங்கை நிரப்பத் தேவையான டிக்கெட்டை மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்று நாம் சேர்ந்து கேட்டால் மல்டிபிளெக்ஸ்காரர்கள் யோசிப்பார்கள். உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு வார்த்தை பேசுங்கள்.